கழுத்தில் ஏறிய கறுப்பு

பள்ளிக்கூடம் போகும் பெண்கள் இருக்கிற வீடுகளில், வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் ஞாயிற்றுக்கிழமைக்கு மாறி வெகு காலம் ஆகிவிட்டது. ஆகையால் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு யார் வீட்டுக்கும் போகக் கூடாது என்பது என் கொள்கை. அன்று அந்தக் கொள்கையைக் கைவிட்டு, ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுப்பதற்காகச் சிநேகிதி ஒருத்தியின் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடியில் இருக்கும் வீடு. கதவைத் தட்டுவதற்குள்ளேயே உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

குளியல் அறை வாசலில் ஒரு முக்காலி. அதன்மேல் சிநேகிதியின் மகள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண், பதினைந்து வயது. தாயார் ஒரு கையில் பயத்தமாவும் மறு கையில் பீர்க்கங்காய் நாருமாக அவளுடைய பிடரியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்த தேய்ப்பில் கழுத்து சிவந்துவிட்டது.

"நீயே பார், இவள் கழுத்தை! மாலை போட்டாற்போல் எப்படி அழுக்கு ஏறியிருக்கிறது! பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சிரிக்கிறார்களாம். சிரிக்காமல் என்ன செய்வார்கள்?" என்றாள் சிநேகிதி.

"தினமும் குளிக்கிறேன், ஆன்ட்டி! இரண்டு வேளையும் குளிக்கிறேன்" என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த அவமானம் இன்னும் என் கண்முன் நிற்கிறது.

"வெயிலில் தலைகாட்ட விடுவதில்லை. ஸ்கூட்டரில் போனால் முகத்துக்குத் துப்பட்டா, கைக்கு உறை. ஆனாலும் இந்தக் கறுப்பு எங்கிருந்துதான் வந்ததோ!" என்று சிநேகிதி அலுத்துக்கொண்டாள்.

அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனதில் தெரிந்த விஷயங்களைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். வளர்கிற பெண்ணோ பிள்ளையோ உள்ள ஒவ்வொரு தாயாருக்கும் இது உபயோகப்படும்.

அழுக்கு அல்ல, அறிவிப்பு

இரண்டு வாரம் கழித்து, கறுப்பு போக ஏதாவது களிம்பு வாங்கலாம் என்று சிநேகிதி பெண்ணை அழைத்துக்கொண்டு ஒரு டாக்டரம்மாளிடம் போனாள். துணைக்கு நானும் போனேன். டாக்டரம்மாள் கழுத்தைப் பார்த்தார், அக்குளைப் பார்த்தார். பிறகு களிம்புச் சீட்டு எழுதுவதற்குப் பதிலாக மேஜை இழுப்பறையிலிருந்து தையற்காரர் வைத்திருப்பது போன்ற ஒரு நாடாவை எடுத்துப் பெண்ணின் இடுப்பை அளந்தார்.

"வீட்டில் யாருக்காவது சர்க்கரை வியாதி உண்டா?"

"என் மாமியாருக்கு உண்டு. என் அப்பாவுக்கும் இருந்தது."

"மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா?"

"தள்ளித் தள்ளித்தான் போகிறது. படிப்புக் கவலை என்று நினைத்தேன்."

"இது அழுக்கு அல்ல, அம்மா. எத்தனை தேய்த்தாலும் போகாது. தேய்க்கத் தேய்க்கப் புண்தான் ஆகும். இந்தப் பெண்ணின் ரத்தத்தில் இன்சுலின் மிதமிஞ்சி ஓடிக்கொண்டிருக்கிறது போலிருக்கிறது. அதைத்தான் தோல் இப்படி வெளியில் சொல்கிறது" என்றார் டாக்டரம்மாள்.

ரத்தப் பரிசோதனை நடந்தது. வெறும் வயிற்றில் சர்க்கரை 92 மில்லிகிராம். நூற்றுக்குக் கீழே இருப்பதால் அது சரியான அளவுதான். ஆனால் இன்சுலின், இருக்க வேண்டியதைப் போல் இரண்டு மடங்கு இருந்தது. வைட்டமின் டி 20 நானோகிராமுக்கு மேல் இருப்பது நல்லது. இந்தப் பெண்ணுக்கு ஒன்பதே ஒன்பது.

"சர்க்கரைதான் சரியாக இருக்கிறதே! பிறகு எதற்குக் கவலை?" என்று கேட்டாள் சிநேகிதி. நியாயமான கேள்வி. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேளாத வீடு

ஒரு வீட்டுக்கு மளிகைச் சாமான் கொண்டுவரும் ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் கதவைத் தட்டுகிறான், வீட்டார் திறக்கிறார்கள், மூட்டை உள்ளே போகிறது. நம் உடம்பில் அந்த ஆள்தான் இன்சுலின். சாப்பாட்டிலிருந்து ரத்தத்துக்கு வந்து சேரும் சர்க்கரையைத் தசை, ஈரல் முதலிய வீடுகளுக்குள் சேர்ப்பது அவன் வேலை. வயிற்றுக்குப் பின்புறம் இருக்கிற கணையம் அவனை அனுப்பி வைக்கிறது.

இப்போது அந்த வீட்டில் சமையல் அறை, கூடம், தாழ்வாரம் எல்லா இடத்திலும் ஏற்கெனவே மூட்டைகள் அடைந்து கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் வந்து தட்டினால் யார் எழுந்து திறப்பார்கள்? உடம்பிலும் இதுதான் நடக்கிறது. ஈரலிலும் தசையிலும் வயிற்றுக்குள்ளும் கொழுப்பு சேரச் சேர, அவை இன்சுலினின் தட்டலைக் கேளாமல் இருக்கப் பழகுகின்றன. இதற்குத்தான் 'இன்சுலின் எதிர்ப்பு' என்று பெயர்.

கணையம் சும்மா இருக்குமா? ஓர் ஆளுக்குப் பதில் இரண்டு ஆள், மூன்று ஆள் என்று அனுப்புகிறது. எல்லாருமாகச் சேர்ந்து இடிக்கும்போது கதவு திறக்கிறது. சர்க்கரையும் உள்ளே போய்விடுகிறது. ஆகையால் சர்க்கரையை மட்டும் சோதித்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தோன்றும். இந்த நாடகம் பல வருஷங்கள் நடக்கலாம். கணையம் களைத்துப் போகும் அன்றுதான் சர்க்கரை ஏறத் தொடங்கும்.

அதற்குள் அளவுக்கு மீறிய இன்சுலின் வேறு சில வேலைகளையும் செய்துவிடுகிறது. தோலின் அணுக்களை வேண்டாத வேகத்தில் பெருகச் செய்கிறது. கழுத்திலும் அக்குளிலும் தோல் தடித்து வெல்வெட்டுத் துணி மாதிரி கறுக்கிறது. 'அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ்' என்பது டாக்டர்கள் இதற்கு இட்டிருக்கும் பெயர். பெண் குழந்தைகளுக்குக் கருப்பையின் பக்கத்திலுள்ள சினைப்பைகளையும் அது தூண்டுகிறது. மாதவிலக்கு தள்ளிப் போவதற்கும், மேலுதட்டில் ரோமம் வளர்வதற்கும், ஓயாத முகப்பருவுக்கும் இது ஒரு காரணமாகலாம். கழுத்துக் கறுப்புக்கு வேறு காரணங்களும் உண்டாகையால், டாக்டர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் டாக்டரிடம் போவதற்குப் பதிலாகப் பீர்க்கங்காய் நாரை எடுப்பது நிச்சயமாகத் தவறு.

இன்சுலின் முதன் முதலில் மனிதருக்குக் கொடுக்கப்பட்ட கதை பலருக்குத் தெரிந்திருக்கும். கனடா தேசத்து டொராண்டோ நகரில், 1922-ஆம் வருஷம் ஜனவரி மாதம், லெனார்ட் தாம்ஸன் என்ற சிறுவனுக்கு அதை ஊசி மூலம் செலுத்தினார்கள். அவனுக்கு வயது 14. இன்சுலின் சிறிதும் இல்லாமல் எலும்பும் தோலுமாய்ச் சாகக் கிடந்தவன் பிழைத்து எழுந்து, மேலும் 13 வருஷங்கள் உயிர் வாழ்ந்தான். அன்று அந்தச் சிறுவனுக்கு இன்சுலின் இல்லாதது துன்பம். இன்று அதே வயதில் நம் வீட்டுக் குழந்தைகள் பலருக்கு அது அளவுக்கு மிஞ்சி இருப்பது துன்பம்!

பருவம் அடையும் வயதில் வளர்ச்சிக்கான சுரப்புகள் அதிகமாவதால், எல்லாக் குழந்தைகளுக்குமே இன்சுலினின் தட்டல் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது பங்கு மந்தமாகக் கேட்கும். இது இயற்கை. வளர்ச்சி முடிந்ததும் தானே பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் அந்த நாலைந்து வருஷங்களில் கொழுப்பும் கூடச் சேர்ந்துகொண்டால் இரட்டைச் சுமை ஆகிறது. பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை நாம் விசேஷமாகக் கண்காணிக்க வேண்டிய காரணம் இதுதான்.

ஒல்லியான குண்டு

"இவள் ஒன்றும் குண்டு இல்லையே, டாக்டர்? கையைப் பாருங்கள், குச்சி மாதிரி இருக்கிறது" என்றாள் சிநேகிதி. வாஸ்தவம். தெருவில் பார்த்தால் யாரும் அந்தப் பெண்ணைப் பருமன் என்று சொல்லமாட்டார்கள்.

நம் நாட்டவரின் உடம்பில் உள்ள ஒரு சூட்சுமம் இது. புனா நகரத்து டாக்டர் யாஜ்னிக்கும், லண்டன் டாக்டர் யூட்கினும் 2004-ஆம் வருஷம் 'லான்ஸெட்' வைத்தியப் பத்திரிகையில் தங்களைப் பற்றியே ஒரு வேடிக்கையான செய்தியை வெளியிட்டார்கள். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று கணக்குப் பார்த்தால் இரண்டு பேருக்கும் ஒரே எண், 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தபோது ஆங்கிலேயருக்கு நூற்றுக்கு 9.1 பங்கு, நம்மவருக்கு 21.2 பங்கு! எடை பார்க்கும் யந்திரம் இரண்டு பேரும் சமம் என்றது. தசையும் கொழுப்பும் வேறு கதை சொல்லின.

இது பெரியவர்களின் சமாசாரம் மட்டும் அல்ல. அதே யாஜ்னிக் முதலானோர் புனாவைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிறந்த சிசுக்களை இங்கிலாந்தில் பிறந்த சிசுக்களோடு ஒப்பிட்டு 2003-ல் எழுதினார்கள். இங்கிலாந்துச் சிசுவின் சராசரி எடை மூன்றரைக் கிலோ. நம் சிசுவுக்கு 2.7 கிலோதான். தசை குறைவு, வயிறு சிறியது. ஆனால் தோளுக்குப் பின்புறம் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. ஒல்லியாகப் பிறக்கும்போதே கொழுப்பைப் பத்திரமாகச் சேமித்துக்கொண்டு பிறக்கிறோம்!

ஆகவே எடையை நம்பிப் பிரயோசனம் இல்லை. இடுப்பைப் பார்க்க வேண்டும். அதற்கு நாடா கூட அவசியம் இல்லை. ஒரு நூல் கயிற்றை எடுத்துக் குழந்தையின் உயரத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். அதைச் சரிபாதியாக மடியுங்கள். மடித்த கயிறு, வயிற்றை எக்காமல் இயல்பாக நிற்கும் குழந்தையின் இடுப்பைத் தாராளமாகச் சுற்றி வர வேண்டும். நுனிகள் இரண்டும் சேரவில்லை என்றால், கை எவ்வளவு குச்சியாக இருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அன்று மாலை என் சிநேகிதி வீட்டில் இந்தப் பரீட்சை நடந்தது. பெண்ணுக்குக் கயிறு இரண்டு விரற்கடை போதவில்லை. அவளுடைய அப்பாவுக்கு எவ்வளவு போதவில்லை என்பதை இங்கே எழுதக் கூடாது என்று எனக்கு உத்தரவு!

வெயில் ஊரில் வெயில் பஞ்சம்

இனி வைட்டமின் டி விஷயத்துக்கு வருவோம். மற்ற வைட்டமின்களைப் போல் இது சாப்பாட்டிலிருந்து அதிகமாகக் கிடைப்பது அல்ல. மத்தி, காணாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன்களில் உண்டு. முட்டையின் மஞ்சள் கருவில் கொஞ்சம் உண்டு. மற்றபடி, சூரிய வெளிச்சத்திலுள்ள ஒருவகைக் கிரணம் தோலில் படும்போது தோலே அதைத் தயாரித்துக்கொள்கிறது. முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு பெர்லின் நகரில் எலும்பு வளைந்துபோன குழந்தைகளை ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற டாக்டர் 1919-ல் விசேஷ விளக்கின் ஒளியில் வைத்துக் குணப்படுத்தினார். ஒரு கையில் மட்டும் ஒளி பட்டாலும் மற்றொரு கையின் எலும்பும் சரியாயிற்றாம். தோலில் உண்டாகும் ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகிறது என்று அதிலிருந்து தெரிந்தது.

பெர்லினில் வெயில் அருமை. சென்னையில் வெயிலுக்கு என்ன குறைவு? ஆனாலும் 2016-லிருந்து 2018 வரை இந்திய சர்க்கார் நாடெங்கும் நடத்திய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில், பத்திலிருந்து பத்தொன்பது வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு 24 பேருக்கு வைட்டமின் டி மிகவும் குறைவு என்று தெரியவந்தது. பி12 வைட்டமின் 31 பேருக்குக் குறைவு. கீரையிலும் பயறுகளிலும் கிடைக்கும் ஃபோலிக் அமிலம் 37 பேருக்குக் குறைவு. அதே கணக்கெடுப்பில், நூற்றுக்குப் பத்துப் பேர் சர்க்கரை வியாதிக்கு முந்திய படியில் நிற்பதும் தெரிந்தது.

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். பள்ளிக்கூட வேன் வாசலுக்கு வருகிறது. இறங்கினால் வகுப்பு, வகுப்பு விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் செல்போன். விளையாட்டு மணி வந்தால் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்கிறார். இதற்கு மேல், பெண் குழந்தையாக இருந்தால் "வெயிலில் போகாதே, கறுத்துப் போவாய்" என்ற எச்சரிக்கை வேறு. இதைச் சொல்லாத தாயார் யார்? எனக்கும் என் தாயார் சொல்லியிருக்கிறார்.

காலை இளவெயில் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இளவெயில் இதமானதுதான், ஆனால் வைட்டமின் தயாரிக்கும் கிரணம் அதில் அற்பம். நம் ஊருக்குப் பக்கத்திலுள்ள திருப்பதியில் டாக்டர் ஹரிநாராயண் முதலானோர் செய்து 2013-ல் வெளியிட்ட சோதனையில், காலை பதினொரு மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில்தான் அது அதிகமாக உண்டாகிறது என்று கண்டார்கள். கடிகாரம் இல்லாவிட்டால் நிழலைப் பார்க்கலாம். நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கும் நேரமே அதற்கு ஏற்ற நேரம். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் வெளிச்சம் வரும், சூடு வரும், ஆனால் அந்தக் கிரணம் வராது. கார்க் கண்ணாடிக்கும் இதே கதிதான். மாநிறமும் கறுப்புமாக உள்ள நமக்குத் தோலே குடை பிடிப்பதால், வெள்ளைக்காரர்களைவிடச் சற்று அதிக நேரம் வெயில் தேவைப்படுகிறது.

கொழுப்பு ஒளித்து வைக்கும்

கொழுப்புக்கும் இந்த வைட்டமினுக்கும் என்ன சம்பந்தம்? வைட்டமின் டி எண்ணெயில் கரையும் பொருள். ஊறுகாயின் காரமெல்லாம் எண்ணெயில் இறங்கி நிற்பதுபோல் அது கொழுப்பில் போய் அடைந்துகொள்கிறது. அமெரிக்காவில் பருமனானவர்களையும் சாதாரண உடம்புள்ளவர்களையும் ஒரே அளவு ஒளியில் நிறுத்திப் பார்த்து 2000-ஆம் வருஷம் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பருமனானவர்களின் ரத்தத்தில் வைட்டமின் ஏறிய அளவு 57 சதவீதம் குறைவாக இருந்தது. தோலில் உள்ள மூலப் பொருளில் வித்தியாசம் இல்லை. உண்டான வைட்டமின் ரத்தத்துக்கு வந்து சேராமல் வழியில் தங்கிவிட்டது.

கொழுப்பு அதிகமான குழந்தைகளுக்கு வைட்டமின் டி குறைவாகவும் இன்சுலின் அதிகமாகவும் இருப்பதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். அப்படியானால் வைட்டமின் குறைந்ததால்தான் கொழுப்பு சேர்ந்ததா? ஒரு மாத்திரையைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? என் சிநேகிதி இதைத்தான் ஆவலோடு கேட்டாள்.

விமலேசுவரன் முதலான விஞ்ஞானிகள் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் பரம்பரை அணுக்களை ஆராய்ந்து 2013-ல் இதற்கு விடை சொன்னார்கள். உடம்பு பருப்பதால் வைட்டமின் டி குறைகிறது. வைட்டமின் டி குறைவதால் உடம்பு பருப்பதாகத் தெரியவில்லை என்பது அவர்களுடைய முடிவு.

மாத்திரை கொடுத்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் மிஸௌரி சர்வகலாசாலையில் பருமனான 35 இளம் வயதினரில் ஒரு பகுதியினருக்குத் தினம் 4,000 யூனிட் வீதம் ஆறு மாதம் வைட்டமின் டி கொடுத்தார்கள். எடை குறையவில்லை, ஆனால் இன்சுலின் அளவு இறங்கியது. உடனே எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். ஆனால் 2015-ல் வெளியான வேறொரு சோதனையில், தினம் 2,000 யூனிட் வீதம் மூன்று மாதம் கொடுத்தும் ஒரு பலனும் காணோம். சர்க்கரை வியாதியின் வாசலில் நின்ற 2,423 பெரியவர்களுக்கு சுமார் இரண்டரை வருஷம் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2019-ல் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களில் 293 பேருக்கும், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 323 பேருக்கும் வியாதி வந்தது. இந்தச் சிறு வித்தியாசத்தை வைத்து மாத்திரை காப்பாற்றியது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார்கள்.

இதிலிருந்து நாம் தெரிந்துகொள்வது என்ன? குறைந்துபோன வைட்டமினைக் கட்டாயம் சரி செய்ய வேண்டும். வளர்கிற எலும்புக்கு அது அவசியம். பதினைந்து வயதில் சேமிக்கிற எலும்புதான் அறுபது வயதில் கைகொடுக்கும். ஆனால் வயிற்றுக் கொழுப்பையும் இன்சுலின் எதிர்ப்பையும் ஒரு மாத்திரை தீர்த்துவிடும் என்று நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. வீட்டுக்குள் அடைந்த வாழ்க்கை என்ற ஒரே மரத்தில் இரண்டும் காய்க்கின்றன. ஒரு காயைப் பறித்தால் மரம் பட்டுப்போகாது.

மருந்துக்கடையில் 60,000 யூனிட் பொட்டலம் சுலபமாகக் கிடைக்கிறது. அது வாரத்துக்கு ஒன்று என்று டாக்டர் சொன்ன கணக்குக்குச் சாப்பிட வேண்டியது. வளர்கிற பிள்ளைக்குச் சாதாரணமாக ஒரு நாளைக்கு வேண்டியது 600 யூனிட்தான். 'சத்துதானே' என்று தினம் ஒன்று கரைத்துக் கொடுத்தால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி, வாந்தியும் மலச்சிக்கலும் வந்து, மூத்திரக்காய் கெட்டுப்போகும். பக்கத்து வீட்டுப் பையனுக்கு எழுதின சீட்டை நம் வீட்டுப் பெண்ணுக்கு உபயோகிக்க வேண்டாம்.

டாக்டரம்மாள் எழுதிய சீட்டு

அன்று டாக்டரம்மாள் எழுதிக் கொடுத்த சீட்டில் மருந்து ஒரே வரிதான். எட்டு வாரத்துக்கு வைட்டமின். மற்றதெல்லாம் வாயால் சொன்னார்.

தினம் ஒரு மணி நேரம் மூச்சு இரைக்கும்படி ஓடியாட வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்களுக்குச் சொல்லும் கணக்கும் இதுதான். பத்துப் பத்து நிமிஷமாகச் சேர்த்தாலும் சரி. தசை வேலை செய்யும்போது இன்சுலின் தட்டாமலேயே சர்க்கரைக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. இது எந்த மாத்திரைக்கும் இல்லாத சாமர்த்தியம். ஸ்கிப்பிங், எறிபந்து, கபடி, மாடிப்படி, எதுவானாலும் பாதகமில்லை. பெண்ணுக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

வாரத்தில் சில நாளாவது, பள்ளிக்கூடத்து மத்தியான இடைவேளையில் கால் மணி, அரை மணி வெளியில் இருக்க வேண்டும். முழங்கைக்குக் கீழாவது மூடாமல் இருக்கட்டும். கத்திரி வெயிலில் தலை சுற்றும்வரை நிற்கச் சொல்லவில்லை.

தட்டில் மலைபோல் சாதமும் ஓரத்தில் பொட்டுப்போல் கறியும் இருப்பதை மாற்றிக் கறி, கூட்டு, கீரை, பருப்பு இவற்றைப் பாதித் தட்டுக்கு மேல் வையுங்கள். சாயங்காலம் பிஸ்கட்டுக்கும் வறுவலுக்கும் பதில் சுண்டல். பாட்டிலில் வரும் பழ ரசத்துக்குப் பதில் பழம். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு முட்டையும் மத்தி மீனும் டி, பி12 இரண்டையும் தரும். சைவர்களுக்குப் பாலும் தயிரும் பி12 தரும். வைட்டமின் ஏ, டி சேர்த்த பால் பாக்கெட்டில் நீல நிறத்தில் '+எஃப்' என்ற முத்திரை இருக்கும், பார்த்து வாங்கலாம்.

இரவு எட்டு மணி நேரமாவது தூக்கம். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும்; இன்சுலினின் வேலையும் கெடும்.

கடைசியாக டாக்டரம்மாள் சொன்னதுதான் மிகவும் முக்கியமானது. "இந்தப் பெண்ணைக் குண்டு என்று சொல்லாதீர்கள். கழுத்தைப் பற்றிப் பேசவே பேசாதீர்கள். தனக்கு மட்டும் தனிச் சாப்பாடு போட்டால் தண்டனை என்று நினைத்துக்கொள்வாள். வீட்டில் எல்லாரும் அதையே சாப்பிடுங்கள். எல்லாருமே நடங்கள்."

நாலு மாதத்துக்குப் பிறகு

நாலு மாதம் கழித்து மறுபடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. கழுத்துக் கறுப்பு முழுவதும் போகவில்லை, கொஞ்சம் மங்கியிருக்கிறது. வைட்டமின் 26-க்கு வந்திருக்கிறது. கயிற்றின் நுனிகள் இரண்டும் இப்போது முத்தமிட்டுக்கொள்கின்றன. மாதவிலக்கு இரண்டு மாதமாக நாள் தவறவில்லை என்று சிநேகிதி என் காதோடு சொன்னாள்.

"அன்றைக்கு அவளை அப்படித் தேய்த்தேனே, அவள் அழுதுகொண்டே 'குளித்தேன், குளித்தேன்' என்றாளே, அதை நினைத்தால் மனசு பொறுக்கவில்லை. பெற்ற பெண்ணின் வார்த்தையை நம்பவில்லையே நான்!" என்றாள்.

பெண் வீட்டில் இல்லை. கீழே திடலில் எறிபந்து ஆடிக்கொண்டிருந்தாள். மணி பதினொன்று. பாட்டியம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "வயசுப் பெண் இப்படி வெயிலில் குதித்தால் கறுத்துப் போகமாட்டாளா? நாளைக்கு எவன் வந்து கட்டிக்கொள்வான்?" என்று முணுமுணுத்தார்.

என் சிநேகிதி சமையல் அறையிலிருந்தே பதில் சொன்னாள்: "கறுக்கட்டும் அம்மா! வெயிலில் வருகிற கறுப்பு நல்ல கறுப்பு."

அவள் அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்தது அந்தப் பழைய பீர்க்கங்காய் நார்.